ஹட்டனை விடத் தாழ்ந்த மலையில் வைணு பாப்பு என்ன தேடினார்?

கேள்வியை முதலில் போட்டுவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார்: "சேர், பெரிய தொலைநோக்கிகளை உயரமான மலையில்தான் வைப்பார்கள் என்று படித்தேன். நுவரெலியா ஆறாயிரம் அடி உயரம். பிறகு ஏன் நம் மலையகத்தில் ஒரு பெரிய வான் ஆய்வுக்கூடம் இல்லை? தமிழ்நாட்டில் வைணு பாப்பு என்பவர் பெயரில் ஒன்று இருக்கிறதாமே, அவர் யார், அப்படி என்ன செய்தார்?"

இரண்டு கேள்வி மாதிரித் தெரிகிறது, மகள். ஆனால் பாப்பு தன் வாழ்க்கையில் பாதியை உங்கள் முதல் கேள்விக்கு விடை தேடியே கழித்தார் என்று சொல்லலாம். அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

உயரக் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். நுவரெலியா 1868 மீற்றர். பீதுருதாலகால 2524 மீற்றர். ஹட்டன்கூட 1200 மீற்றருக்கு மேல். பாப்புவின் பெயரில் இருக்கும் ஆய்வுக்கூடம் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில், காவலூர் என்ற ஊரில் இருக்கிறது. அதன் உயரம் வெறும் 725 மீற்றர். கோச்சியில் ஏறி ஹட்டன் வந்து இறங்குகிறவன் காவலூரைவிட ஐந்நூறு மீற்றர் உயரத்தில் நிற்கிறான்!

நான் அங்கே ஒரு முறை போயிருக்கிறேன். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன என் சின்னம்மா குடும்பம் கோத்தகிரியில் குடியேறியது. அவருடைய மகன், எனக்குத் தம்பி முறை, பிற்காலத்தில் வாணியம்பாடியில் வேலை பார்த்தான். அவனைப் பார்க்கப் போன இடத்தில் "ஆலங்காயம் தாண்டினால் காவலூர்தான் அண்ணே, வாங்க" என்று கூட்டிப்போனான். மலை என்றதும் பழக்கதோஷத்தில் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போனேன். கடைசிவரை அது கையிலேதான் இருந்தது. வரண்ட காடு, சுட்ட மண் வாசனை, மரங்களுக்கு மேலே வெள்ளைக் குவிமாடம். இதுவா மலை என்று மனதுக்குள் ஒரு சிரிப்பு. இருட்டினதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. அடிவானம் வரைக்கும் ஒரு முகில் இல்லை. எட்டு மணிக்குப் பார்த்த வானம் பத்து மணிக்கும் அப்படியே இருந்தது. நம் ஊரில் இப்படி இரண்டு மணி நேரம் தொடர்ந்து வானம் திறந்து கிடந்த நாட்களை என்னால் விரல்விட்டு எண்ண முடியும்.

சரி, ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

முழுப்பெயர் மணலி கல்லாட் வைணு பாப்பு. 1927 ஓகஸ்ட் 10-இல் சென்னையில் பிறந்தார். பூர்வீகம் கேரளத்துத் தலச்சேரி, வளர்ந்தது ஹைதராபாத். அப்பா அங்கே நிஜாமியா வான் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தார். பெரிய விஞ்ஞானி இல்லை, ஊழியர்தான். ஆனால் பையனுக்கு அதுவே போதுமாக இருந்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் அப்பாவின் கடைக்கோ கந்தோருக்கோ போவதுபோல இவர் தொலைநோக்கி இருக்கும் இடத்துக்குப் போய்வந்து வளர்ந்தார். நிஜாம் கல்லூரியில் படிக்கும்போதே மாறொளி விண்மீன்களை, அதாவது வெளிச்சம் கூடிக்குறையும் நட்சத்திரங்களை, அவதானித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

ஹைதராபாத் அரசின் புலமைப்பரிசில் கிடைத்து 1949-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். போய்ச் சில மாதம்தான். ஜூலை 2-ஆம் திகதி இரவு வானத்தைப் படமெடுக்கும் வேலை. அந்தக் காலத்துப் படம் என்றால் கண்ணாடித் தகடு. ஒரு பக்கம் ஒளிபடும் பூச்சு, இருட்டறையில் கழுவி எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். நெகட்டிவ் என்பதால் வானம் வெளிறியும் நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகளாகவும் இருக்கும். ஆயிரக்கணக்கான கூர்மையான புள்ளிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் மை கசிந்த மாதிரி இருந்தது. கைதவறிப் பட்ட கறை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பாப்பு விடவில்லை. அது ஒரு புது வால்வெள்ளி. பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் கோர்டன் நியூகேர்க் இருவரும் சேர்ந்து உறுதிப்படுத்த, மூவர் பெயரும் அதற்கு வந்தது: பாப்பு–போக்–நியூகேர்க் வால்வெள்ளி. சூரியனை ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ 60,000 ஆண்டு எடுக்கும் என்று கணக்கிட்டார்கள். பசிபிக் வானியல் சங்கம் அதற்காகப் பதக்கம் கொடுத்தது. வயது இருபத்திரண்டுகூட ஆகவில்லை.

பத்திரிகைகள் பாப்பு என்றால் உடனே இந்த வால்வெள்ளியைத்தான் எழுதும். கதை நல்லது, ஆனால் என்னைக் கேட்டால் அது பாதி அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் இல்லாமல் உழைத்துக் கண்டது அடுத்து வந்த வேலை. அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது லேசாக விளங்கும்.

இரவில் வாசலில் நின்று எதிர் மலையைப் பாருங்கள். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் அடுத்த டிவிசன் லயத்து விளக்கு ஒன்று தெரிகிறது. அது பக்கத்தில் இருக்கும் சின்ன பல்பா, தூரத்தில் இருக்கும் பெரிய பல்பா? வெளிச்சத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அது நாற்பது வோட்ஸா நூறு வோட்ஸா என்று யாராவது சொல்லிவிட்டால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைப் பார்த்துத் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். வானியலில் ஆதிகாலம் தொட்டு இதுதான் தலைவலி. நட்சத்திரம் தெரிகிறது, அதன் வோட்ஸ் தெரியாது.

முனைவர் பட்டத்தை 1952-இல் முடித்த பாப்பு, கார்னகி நிறுவனத்தின் புலமைப்பரிசிலில் கலிபோர்னியாவுக்குப் போனார். மவுண்ட் வில்சன், பாலோமார் ஆய்வுக்கூடங்கள். அப்போது உலகத்திலேயே பெரிய, ஐந்து மீற்றர் குறுக்களவுள்ள தொலைநோக்கி பாலோமாரில்தான் இருந்தது. அங்கே ஒலின் வில்சன் என்பவரோடு சேர்ந்து வேலை செய்தார். நட்சத்திர ஒளியை அரியத்தில் விட்டால் விரியும் நிறமாலையில் ஊதா ஓரத்தில் கல்சியம் உண்டாக்கும் ஒரு அகன்ற கறுப்புக் கோடு இருக்கும். கே கோடு என்பார்கள். நம் சூரியன் மாதிரியும் அதைவிடக் குளிர்ந்தும் இருக்கிற விண்மீன்களில், அந்தக் கறுப்புக் கோட்டின் நடுவே மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று திரும்பத் தலைகாட்டும். அந்த வெளிச்சக் கோட்டின் அகலத்தை இருவரும் அளந்தார்கள். ஒன்று இரண்டு இல்லை, 185 விண்மீன்களில்.

பார்த்தால், அகலம் கூடக்கூட நட்சத்திரத்தின் உண்மையான ஒளியும் கூடுகிறது. குட்டி நட்சத்திரத்தில் ஒடுக்கமான கோடு, இராட்சத நட்சத்திரத்தில் அகன்ற கோடு. நிறமோ வெப்பநிலையோ இதில் குறுக்கே வருவதில்லை. ஆக, கோட்டின் அகலத்தை அளந்தால் வோட்ஸ் தெரிந்துவிடும். வோட்ஸ் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். 1957-இல் கட்டுரை வெளிவந்தது. இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் அது வில்சன்–பாப்பு விளைவு. பிற்காலத்தில் ஹிப்பார்கோஸ் செய்மதி விண்மீன்களின் தூரத்தை நேரடியாகத் துல்லியமாக அளந்தபோது, இந்த உறவின் எண்களைக் கொஞ்சம் திருத்திக்கொண்டார்கள். உறவு அப்படியே நின்றது.

அந்தக் கட்டுரை அச்சில் வரும்போது பாப்பு அமெரிக்காவில் இல்லை. 1953-இலேயே நாடு திரும்பிவிட்டார். இங்கேதான் எனக்கு இந்த மனிதர் மேல் ஒரு ஆச்சரியம். உலகத்தின் மிகப் பெரிய தொலைநோக்கியில் வேலை செய்து பழகியவர். இருந்திருந்தால் யார் என்ன சொல்லியிருப்பார்கள்? இந்தியாவில் இருந்து போன வான்இயற்பியலாளர் சந்திரசேகர் சிக்காகோவில் இருந்தார், 1983-இல் நோபல் பரிசும் வாங்கினார், அவரை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் சந்திரசேகருக்குத் தாளும் பேனையும் போதும். பாப்புவுக்குத் தொலைநோக்கி வேண்டும், அது இந்தியாவில் இல்லை. இல்லாத இடத்துக்குத்தான் திரும்பி வந்தார்.

வந்து உத்தரப் பிரதேச அரசு வாரணாசியில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை 1954-இல் ஏற்றார். சமவெளியின் தூசிக்குள்ளே வானியல் நடக்காது என்று அதைத் தூக்கி இமயமலை அடிவாரத்து நைனிதாலுக்குக் கொண்டுபோனார். இன்றைக்கும் அது அங்கே நன்றாக நடக்கிறது. பிறகு 1960-இல் கொடைக்கானல் வான் ஆய்வுக்கூடத்தின் பணிப்பாளர் ஆனார்.

கொடைக்கானல் என்றதும் உங்கள் கேள்வி திரும்ப வருகிறது. அந்த ஆய்வுக்கூடம் 2343 மீற்றர் உயரத்தில், பார்க்க அப்படியே நம் நுவரெலியா மாதிரி. 1899-இல் தொடங்கியது. சூரியனைப் பார்ப்பதற்கு அது பேர்போன இடம்: சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர் 1909-இல் கண்டது அங்கேதான். அதே கல்சியம் கோட்டில் சூரியனை நாள்தோறும் படமெடுத்துவைக்கும் பழக்கமும் அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தே உண்டு. சூரியனுக்கென்றால் முகில் விலகும் காலை நேரம் போதும். நட்சத்திரத்துக்கு முழு இரவு வேண்டும். கொடைக்கானலில் உயரம் இருக்கிறது, இரவு இல்லை.

ஏன் என்பது நம் வாசலில் நின்றாலே தெரியும். கடலில் இருந்து ஈரத்தோடு வரும் காற்றை மலை மறித்து மேலே தள்ளுகிறது. மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது, ஈரம் முகிலாகிறது. கொழுந்து செழிப்பது அதனால்தான், நட்சத்திரம் தெரியாததும் அதனால்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம் ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத்தை மூடிவிடும். அந்த நேரத்தில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வெளித்துக் கிடக்கும், ஆனால் கச்சான் காற்று பேயாய் அடிக்கும். தொலைநோக்கிக்குக் கொந்தளிக்கும் காற்று முகிலுக்கு அடுத்த எதிரி. விண்மீனின் பிம்பம் கொதிக்கும் தண்ணீரில் தெரிகிற நிலா மாதிரி ஆடும். நவம்பரில் இருந்து வடகீழ்ப் பருவம் ஊவாவைப் பிடிக்கும். இடையில் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி மழை. ஒரு பக்கம் தப்பினால் மறுபக்கம் மாட்டும். தேயிலைக்கு எழுதிக்கொடுத்த மலை இது.

1986 ஏப்ரலில் ஹாலி வால்வெள்ளி வந்தபோது எனக்குப் புதிதாக நியமனம் கிடைத்திருந்தது. பிள்ளைகளை இரவில் பிரட்டுக்களத்துக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் திடலுக்கு, வரச்சொல்லிவிட்டு, தகப்பன்மார் இரண்டு பேர் டோர்ச்சோடு காவல் நிற்க, ஐந்து நாள் பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாலாம் நாள் ஒரு பையன் "சேர், வால்வெள்ளி நனைஞ்சிருக்கும்" என்றான். ஆறாம் இரவு, பதினொரு மணிக்கு மேல், தெற்கே ஒரு ஜன்னல் திறந்த மாதிரி முகில் விலகியது. பஞ்சுத் துண்டு ஒன்று தெரிந்தது. நேரம் பார்த்தேன், பதினொரு நிமிடம். திரும்ப மூடிக்கொண்டது.

பாப்பு இதே பிரச்சினையைத்தான் 1960-களின் தொடக்கத்தில் கையில் எடுத்தார். தென்னிந்திய மலைகளில் இடம் இடமாக ஆளை அனுப்பி, எத்தனை இரவு வெளிக்கிறது, காற்று எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பார்க்கவைத்தார். கடைசியில் தெரிவானது காவலூர். தென்மேற்குப் பருவக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டுத்தான் ஜவ்வாதுக்கு வந்து சேரும். வடகீழ்ப் பருவ மழை மட்டும்தான் அங்கே பெரிய தொல்லை. பக்கத்தில் பெரிய நகர வெளிச்சம் இல்லை. பன்னிரண்டரைப் பாகை வட அகலாங்கு என்பதால், வடக்கே இருப்பவர்களுக்குத் தெரியாத தென்வானமும் கிடைக்கும். அந்தக் காலத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

1968-இல் அங்கே முதல் தொலைநோக்கி: 38 சென்ரிமீற்றர் ஆடி, கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தது. 1972-இல் கிழக்கு ஜேர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் வாங்கிய ஒரு மீற்றர் தொலைநோக்கி வந்தது. வந்த வருடமே வியாழனின் துணைக்கோள் கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பதிவு செய்தார்கள். 1977 மார்ச் 10-இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனபோது, எதிர்பாராத நேரத்தில் நட்சத்திர ஒளி சட்டென்று மங்கியதைக் காவலூரும் பதிவு செய்தது. அமெரிக்கர்கள் விமானத்தில் பறந்து பார்த்ததில் பல தடவை மங்கியது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

ஆனால் வெளிநாட்டில் வாங்கி வைப்பதோடு அவருக்குத் திருப்தி இல்லை. பெரியதொன்றை நாமே செய்ய வேண்டும் என்றார். ஆடி செய்வது என்றால் என்னவென்று கொஞ்சம் தெரிந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் மாணவர்களோடு ஆறு அங்குல ஆடி ஒன்று தேய்க்க முயன்றோம். இரண்டு கண்ணாடி வட்டம், நடுவே கரகரவென்ற மாவும் தண்ணீரும். ஒரு பீப்பாவின் மேல் கீழ்வட்டத்தை வைத்து, மேல்வட்டத்தை முன்னும் பின்னும் தள்ளி, பீப்பாவைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். மேலே இருப்பது மெல்ல மெல்லக் குழியும். குழிந்தது. மெருகேற்றும்போதுதான் சறுக்கியது: கீல் மெத்தை நம் குளிரில் கல்லாக இறுகி, ஆடி முழுக்கக் கீறல். அந்த மேற்பரப்பில் மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிழைகூட அதிகம். ஆறு அங்குலத்துக்கே இந்தப் பாடு.

பாப்பு திட்டமிட்டது 2.34 மீற்றர் ஆடி. இருட்டில் விரிந்த நம் கண்ணின் மணியைவிட ஒரு இலட்சம் மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கும். கண்ணாடிக் கட்டி மட்டும் ஜேர்மனியில் இருந்து வந்தது, தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில். தொலைநோக்கியின் உடலைச் செய்ததும் இந்தியத் தொழிற்சாலைதான். இதற்கிடையே, 1971-இல் கொடைக்கானல் ஆய்வுக்கூடம் இந்திய வான்இயற்பியல் நிறுவனம் என்ற தனி நிறுவனமாக, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு மாறியது. அதை நடத்தும் பொறுப்பும் அவர் தலையில்தான். நிர்வாகம், கட்டடம், ஆளணி, பணம். அவருடைய சொந்த ஆய்வின் உச்சம் ஐம்பதுகளோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மிச்ச வருடங்களை மற்றவர்கள் பார்ப்பதற்குக் கண் செய்து கொடுப்பதில் செலவழித்தார். அதை நட்டம் என்று சொல்கிறவர்களும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் நான் ஆசிரியன், எனக்கு அப்படித்தான் தோன்றும்.

1979-இல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தெரிவானார். இந்தியர் ஒருவருக்கு அந்தப் பதவி அதுதான் முதல் முறை. 1981-இல் பத்ம பூஷண். 1982 ஓகஸ்டில் ஒன்றியத்தின் பொதுச்சபை கிரேக்கத்தின் பத்ராஸ் நகரத்தில் கூடியது. தலைமை தாங்க வேண்டியவர் ஜேர்மனியின் மியூனிக் நகரத்தில் இதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இருந்தார். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஓகஸ்ட் 19-இல் போய்ச்சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயது முடிந்து ஒன்பது நாள்.

2.34 மீற்றர் தொலைநோக்கி அப்போது பாதி வேலையில் நின்றது. அவரோடு வேலை பழகியவர்கள் அதை முடித்தார்கள். 1986 ஜனவரி 6-இல் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து தொடக்கிவைத்து, அதற்கும் ஆய்வுக்கூடத்துக்கும் பாப்புவின் பெயரை வைத்தார். நாங்கள் பிரட்டுக்களத்தில் பனிமூட்டத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற அதே வருடம்.

இனி நம் பக்கம். இலங்கையில் பெரியதென்று சொல்லத்தக்கது மொரட்டுவையில், ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தில் இருக்கும் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி, ஜப்பான் அன்பளிப்பாகக் கொடுத்தது. கடல்மட்டம், கொழும்பு வெளிச்சம், கடற்காற்று, எல்லாம் இருக்கிறது. இருந்தும் அதை வைத்து வேலை செய்கிறார்கள். மலையகத்தில் பெரிய ஆய்வுக்கூடம் வராததற்கு முகில் முதல் காரணம், பணம் இரண்டாவது. வரிசையை மாற்றிச் சொல்கிறவர்களும் உண்டு.

நீங்கள் வானியல் படிப்பதற்கு இங்கே குவிமாடம் இருக்கவேண்டும் என்று அவசியம் இல்லை, மகள். கணிதப் பிரிவு என்றால் இணைந்த கணிதத்தையும் பௌதிகவியலையும் விடாதீர்கள். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் எங்கே இடம் கிடைத்தாலும் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் எடுக்கலாம். இன்றைய வானியலாளர் தொலைநோக்கியின் அடியில் உட்காருவதைவிடக் கணினிக்கு முன்னால் உட்காரும் நேரம்தான் கூட. பெரிய ஆய்வுக்கூடங்களின் தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. நிரல் எழுதப் பழகுங்கள்.

அப்புறம் ஒரு வேலை தருகிறேன். சித்திரை வருடப்பிறப்பு லீவில் பின்னேரம் இடி மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில், இரவு பதினொரு மணிக்கு ஸ்டோர் விளக்கு கண்ணில் படாத இடமாகப் பார்த்து, வீட்டில் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு, தெற்கே திரும்பி நில்லுங்கள். அடிவானத்துக்கு மேலே, நீட்டிய கையின் ஒரு சாண் உயரத்தைவிடச் சற்றுக் கூட, நாலு நட்சத்திரம் சிலுவை மாதிரி நிற்கும். தெற்குச் சிலுவை. அதற்கு இடப்பக்கத்தில் பிரகாசமாக இரண்டு. அதில் சிலுவைக்குத் தூரமாக இருப்பது அல்பா சென்டாரி, சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிகக் கிட்டிய விண்மீன் தொகுதி, 4.4 ஒளியாண்டு. பாப்பு வேலை செய்த கலிபோர்னியாவில் இருந்து பார்த்தால் அது அடிவானத்துக்கு மேலே வரவே வராது. தெரிந்ததா, எத்தனை நிமிடம் தெரிந்தது என்று எழுதிவையுங்கள்.